ம் கொட்டத் தெரியுமா, தம்பி?

ஏ தம்பி, இப்பிடித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வையி. அது எங்கயும் ஓடிப் போயிராது.

புள்ளைக்கு நாலு மாசம் ஆச்சாமே. நல்லா இருக்கட்டும். அதுக்குள்ள கறுப்பு வெள்ளை அட்டை ஒரு கட்டு, அமுக்குனா பாடுற பொம்மை ரெண்டு, பேச்சு சீக்கிரம் வர ஒரு ஆப்புன்னு வாங்கிக் குவிச்சிருக்கியாம். உங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. மாசமா இருக்கையில உம் பொண்டாட்டி வயித்துல ஹெட்போனை வேற மாட்டி விட்டியாமே? உள்ள இருக்கிற புள்ள இங்கிலீஷு கேக்கட்டும்னா? சரிதான். நடத்து.

ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. இம்புட்டு வாங்கினியே, காலையில அந்தப் புள்ள உன்னப் பாத்து "அக்கூ"ன்னுச்சே, அதுக்கு நீ என்ன பதில் சொன்ன?

ஒண்ணும் சொல்லலையா? அப்ப நீ வாங்கினது அம்புட்டும் தெண்டம்.

கெழவன் அந்தக் காலத்துப் புராணம் பாட ஆரம்பிச்சுட்டான்னு நெனைக்காத. எங்க பேத்தி ஒருத்தி காதுக்கும் பேச்சுக்கும் வைத்தியம் பாக்குற படிப்பு படிக்கா. லீவுக்கு வந்தா புத்தகத்தை விரிச்சு வச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே கேப்பேன். அதுல பாதி எங்க ஆத்தா செஞ்சது. மீதிப் பாதி எங்க ஆத்தாவுக்கும் தெரியாதது. ரெண்டையும் சொல்லுதேன், கேட்டுக்க.

மொதல்ல அந்த ஹெட்போன் சோலியை முடிச்சிருவோம். கடைசி மூணு மாசம் வயித்துக்குள்ள புள்ளைக்குக் காது கேக்கும். அது நெசம். ஆனா யாரு குரலு நல்லாக் கேக்கும்? தாய் குரலு. அவ பேசுனா வெளிய இருந்தும் போகும், அவ உடம்பு வழியாவும் போகும். 1980-ல அமெரிக்காவுல டிகாஸ்பர், ஃபைஃபர்னு ரெண்டு பேரு, பொறந்து மூணு நாளு கூட ஆகாத புள்ளைக வாயில ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தாங்க. ஒரு விதமா உறிஞ்சினா பெத்தவ குரலு கேக்கும். வேற விதமா உறிஞ்சினா அடுத்த வீட்டுப் பொம்பளை குரலு. புள்ளைக என்ன செஞ்சிருக்கும்? பெத்தவ குரலு எதுக்கு வருதோ, அந்த விதமாவே உறிஞ்சுச்சுக. கண்ணு சரியாத் தெரியாது. கழுத்து நிக்காது. ஆளு மட்டும் தெரியுது!

அழுகையில கூட ஊரு ராகம் இருக்காம். ஜெர்மனியில வூர்ட்ஸ்பர்க்குங்கிற ஊருல கேத்லீன் வெர்ம்கேன்னு ஒரு அம்மா. அவங்களும் கூட இருக்கிறவங்களும் 30 பிரெஞ்சுக் குழந்தை, 30 ஜெர்மன் குழந்தை அழுகிறதைப் பதிஞ்சு, 2009-ல எழுதுனாங்க. எல்லாம் பொறந்து ஒரு வாரங்கூட ஆகாத புள்ளைக. பிரெஞ்சுப் புள்ள கீழ தொடங்கி மேல ஏத்தி அழுகுது. ஜெர்மன் புள்ள மேல தொடங்கிக் கீழ எறக்கி அழுகுது. அந்தந்த ஊருப் பெரியவங்க பேச்சுலயும் அதே ஏத்தம், அதே எறக்கம். அப்ப உம் புள்ள? உம் பொண்டாட்டி கீரைக்காரிகிட்ட பேரம் பேசுனது, உங்கம்மாகூட மல்லுக்கு நின்னது எல்லாத்தையும் உள்ள இருந்து ஓசியிலயே கேட்டுட்டுத்தான் வந்திருக்கு. அதுக்கு மேல ஒரு கச்சேரி என்னத்துக்கு?

இப்ப வெளிய வந்த கதைக்கு வருவோம். பொறந்ததும் பேச்சு வந்துருமா? வராது. தொண்டை அமைப்பே அப்பிடி. பச்சப் புள்ளைக்குக் குரல்வளை ரொம்ப மேல இருக்கும். நாக்கு வாயை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும். பால் குடிக்கத் தோதான அமைப்பு அது. நாக்குப் பொரள எடம் ஏது? மாசம் ஏற ஏறத்தான் குரல்வளை கீழ எறங்கும், வாயில எடம் விழும்.

மொத ரெண்டு மாசம் அழுகை, விக்கல், ஏப்பம், சின்னச் சின்ன மொனகல். ரெண்டு மூணு மாசத்துல தொண்டைக்குழியில இருந்து "அக்கூ", "ங்ங்கா". நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள கச்சேரி களை கட்டிரும். கிறீச்சுன்னு கத்தும். அடித்தொண்டையில உறுமும். ஒதட்டைக் குவிச்சு எச்சி தெறிக்க "புர்ர்ர்"னு ஊதும். புள்ள அப்பிடி ஊதினா மழை வரும்னு எங்க கரிசக்காட்டுல எல்லாரும் வானத்தைப் பாப்பாங்க. மழை வந்துச்சா இல்லையாங்கிறது வேற விசயம். ஒத்தைச் சத்தத்துக்கு வீடே எந்திரிச்சு வாசலுக்கு வந்து நின்னுச்சா இல்லையா? புள்ளைக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.

ஏழு மாசம் சுமாருக்கு "பப்பப்பா", "மம்மம்மா", "தத்தத்தா" வரும். ஒதட்டை மூடித் தெறந்து, நெசப் பேச்சு வேகத்துல, எழுத்து எழுத்தா வரும். பெரிய திருப்பம் இதுதான். பத்து மாசத்துக்குள்ள பெரும்பாலான புள்ளைகளுக்கு வந்துரும். அன்னைக்கு உம் பொண்டாட்டி "அம்மான்னு சொல்லிருச்சு"ம்பா. நீ "இல்ல, அப்பான்னுச்சு"ம்ப. சண்டை போடாதீங்க. அது இன்னும் உங்க ரெண்டு பேரையும் கணக்குல எடுக்கல. வாயை ஓட்டிப் பழகுது.

அமெரிக்காவுல மெம்பிஸ் பல்கலைக்கழகத்துல கிம் ஆலர்னு ஒருத்தர் இருக்காராம். புள்ளைக போடுற சத்தத்தைக் கேட்டே காலத்தைக் கழிச்ச மனுசன். எப்பிடிப் பொழைப்பு பாரு! அவரும் கூட்டாளிகளும் 2013-ல ஒரு விசயத்தைக் காட்டுனாங்க. அழுகைன்னா அதுக்கு ஒரே அர்த்தம், வேதனை. ஆனா இந்தக் கிறீச்சு, உறுமல், "ஆ" இருக்கே, இதுகளைப் புள்ள சந்தோசத்துலயும் போடுது, எரிச்சல்லயும் போடுது, சும்மா கெடக்கையிலயும் போடுது. ஒரே சத்தம், அன்னன்னைக்கு ஒரு சேதி. நீயும் நானும் பேசுறது அப்பிடித்தானே? "வாங்க"ங்கிற ஒரு சொல்லை சம்பந்திக்கு ஒரு விதமாவும் கடன்காரனுக்கு ஒரு விதமாவும் சொல்லுறோம்ல? அந்த வித்தையை நாலு மாசத்துல ஆரம்பிச்சிருது.

சரி, இதெல்லாம் தானா வளருமா? இல்ல யாராச்சும் வளக்கணுமா? இங்கதான் உன் ஆப்பு கவுந்து விழுது.

சின்னப் புள்ளையில ராத்திரி பாட்டிகிட்ட கதை கேட்டிருக்கியா? இல்லையா? பாவம். நாங்க கேட்டிருக்கோம். கதையை எடுக்குறதுக்கு முன்னாடியே கெழவி ஒரு கண்டிசன் போட்டுருவா. "ம் கொட்டணும். கொட்டாட்டி நிறுத்திருவேன்." ராசா காட்டுக்குப் போனான். ம். அங்க ஒரு பெரிய ஆலமரம். ம். நாங்க கண்ணசந்தா ம் நின்னு போகும். ராசா விடிய விடியக் காட்டுலயே நிப்பான். இப்பச் சொல்லு, கதையை நடத்துனது கெழவி வாயா, எங்க ம்-மா?

உம் புள்ளையும் கதைதான் சொல்லுது. நீதான் ம் கொட்ட மாட்டேங்க.

இது கெழவன் கற்பனைன்னு சொல்லுவ. சரி, உனக்குப் புடிச்ச அமெரிக்காவுலயே கேப்போம். 1959-ல ரைன்கோல்ட்னு ஒரு அம்மாவும் இன்னும் ரெண்டு பேரும், ஒரு இல்லத்துல வளர்ற மூணு மாசப் புள்ளைகளைப் பாக்கப் போனாங்க. புள்ள சத்தம் போட்டா உடனே சிரிப்பாங்க, நாக்கைத் தட்டி "ட்ச் ட்ச்"சும்பாங்க, வயித்தை லேசாத் தொடுவாங்க. அம்புட்டுத்தான். புள்ளைக சத்தம் கூடிருச்சு. பெறகு அவங்க மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு நின்னாங்க. சத்தம் கொறைஞ்சிருச்சு. இதைக் கண்டுபுடிக்க மூணு பேரு படிச்சு வரணுமான்னு கேக்கியா? இரு. எங்க ஆத்தாவுக்குத் தெரியாதது இனிமேத்தான் வருது.

2003-ல மைக்கேல் கோல்ட்ஸ்டைன்னு ஒருத்தர் எட்டு மாசப் புள்ளைகளையும் தாய்மாரையும் ஒரு அறையில விளையாட விட்டார். தாய்மாரு காதுல ஒரு ஹெட்போன். உன்னதை விட இது உருப்படியான ஹெட்போன். பாதித் தாய்மாருக்கு, புள்ள சத்தம் போட்ட அந்த நொடியில "இப்பச் செய்யுங்க"ன்னு சேதி வரும். கிட்டப் போயி, சிரிச்சு, தொட்டாப் போதும். மீதித் தாய்மாரும் அதே சிரிப்பு, அதே தொடல்தான். அளவும் அதே அளவுதான். ஆனா அவங்களுக்குச் சேதி வர்றது வேற வீட்டுப் புள்ளையோட சத்தத்துக்கு. அவங்க புள்ள பேசுனதுக்கும் அவங்க சிரிச்சதுக்கும் சம்பந்தம் இல்ல.

என்ன ஆச்சு? சத்தம் போட்டதும் பதில் வந்த புள்ளைக, கொஞ்ச நேரத்துலயே இன்னும் தெளிவா, பேச்சுக்குப் பக்கத்துல வர்ற சத்தமாப் போட ஆரம்பிச்சிருச்சுக. சம்பந்தம் இல்லாமச் சிரிப்பு வாங்கின புள்ளைக இருந்த எடத்துலயே இருந்துச்சுக. கவனிச்சியா? பாசம் ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நேரம்தான் வித்தியாசம். புள்ளைக்குத் தெரியணும், "நான் சொன்னேன், அதுக்குத்தான் இது நடந்துச்சு"ன்னு. அந்தக் கணக்கு அதுக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல.

2008-ல கோல்ட்ஸ்டைனும் ஜெனிஃபர் ஷ்வேடுங்கிற அம்மாவும் இன்னொரு படி மேல போனாங்க. புள்ள சத்தம் போட்டதும் தாய் சொல்லாலயே பதில் கொடுத்தா, புள்ள அந்தச் சொல்லு எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துக்குத் தன் சத்தத்தை மாத்திக்கிடுது. கிளிப்பிள்ளையாத் திருப்பிச் சொல்லல. அச்சை மட்டும் எடுத்துக்கிட்டு தன் சரக்கை அதுல ஊத்துது. ஒம்பதரை மாசப் புள்ள, பாத்துக்க.

இந்த யோசனை அவருக்கு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஒரு குருவிகிட்ட இருந்து. வட அமெரிக்காவுல கௌபேர்டுன்னு ஒண்ணு உண்டு. நம்ம குயிலு காக்கா கூட்டுல முட்டை போடுதுல்ல, அதே தொழில் அதுக்கும். ஆண் பாடும். பொட்டை பாடவே பாடாது. ஆனா ஆண் பாடையில ஏதாச்சும் ஒரு அடி புடிச்சுப் போச்சுன்னா பொட்டை லேசா ஒரு றெக்கையை அசைக்கும். ஆண் அதைக் கவனிச்சுக்கிட்டு அந்த அடியையே திருப்பித் திருப்பிப் பாடிப் பாட்டைத் திருத்திக்கிடும். மெரிடித் வெஸ்ட், ஆண்ட்ரூ கிங்னு ரெண்டு பேரு 1988-ல இதை எழுதி வச்சாங்க. வாயே தெறக்காம ஒரு அசைவுல ஆம்பளையைத் திருத்துறது ஒலகத்துல புதுசான்னு எங்க வீட்டுக் கெழவிகிட்ட கேட்டேன். அவ ஒரு பார்வை பாத்தா. நான் வாயை மூடிக்கிட்டேன்.

இப்ப டிவி, வீடியோவுக்கு வருவோம். "தாத்தா, வீடியோவுல நல்லாப் பேசுதாங்க, பாத்துக் கத்துக்கிடும்"ம்ப. சியாட்டில்ல பாட்ரிசியா கூல்னு ஒரு அம்மா. ஒம்பது மாச அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனத்துக்காரங்களைக் கூட்டிட்டு வந்து, 12 தடவை எதிர்ல உக்கார வச்சுச் சீனத்துல பேசி விளையாட வச்சாங்க. புள்ளைக சீன மொழியில இருக்கிற சத்த வித்தியாசத்தைப் புடிச்சிருச்சுக. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆளுக, அதே பேச்சு, டிவியில மட்டும். மூணாவது கூட்டத்துக்கு வெறும் ஒலி. என்ன கத்துக்கிச்சு? ஒண்ணுமே இல்ல. சீனமே கேக்காத புள்ளைக எந்த எடத்துல நின்னுச்சோ அதே எடத்துலதான் நின்னுச்சுக. இது 2003-ல வந்த சேதி.

2010-ல வர்ஜீனியாவுல ஜூடி டிலோச்சுன்னு ஒரு அம்மா, ஒரு வயசுல இருந்து ஒன்றரை வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டிவிடியை ஒரு மாசம் போட்டுக் காட்டச் சொன்னாங்க. டிவிடி பாத்த புள்ள, பாக்காத புள்ளையை விட ஒரு சொல்லுகூட அதிகமாக் கத்துக்கிடல. டிவிடியே இல்லாமப் பெத்தவங்க தாங்களே சொல்லிக்கொடுத்த புள்ளைகதான் மொதல்ல நின்னுச்சுக. இதுல வேடிக்கை எங்க தெரியுமா? எந்தப் பெத்தவங்களுக்கு டிவிடி ரொம்பப் புடிச்சுப் போச்சோ, அவங்கதான் "எம் புள்ள நெறையக் கத்துக்கிச்சு"ன்னு சாதிச்சாங்களாம். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு?

பேபி ஐன்ஸ்டைன்னு ஒரு டிவிடி. பேரைப் பாரு! அதை வாங்கி வித்துக்கிட்டிருந்த டிஸ்னி கம்பெனி, எதிர்ப்புக் கெளம்பினதும் 2009-ல "வேண்டாம்னா காசைத் திருப்பி வாங்கிக்கங்க"ன்னு ஒரு டிவிடிக்கு 15.99 டாலர் கொடுத்துச்சு. அங்க காசு திரும்பிப் போயி இத்தனை வருசம் ஆச்சு. நீ இன்னைக்கு இங்க உக்காந்து அதே சரக்குக்குச் சந்தா கட்டுத. உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிருச்சு, ஒரு வயசுக்குள்ள திரையே வேண்டாம்னு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

ஒண்ணு மட்டும் தள்ளிச் சொல்லணும். துபாய்ல இருக்கிற உந் தம்பி வீடியோ கால்ல வந்து புள்ளையைக் கூப்பிடுதானே, அவனைத் திட்டாத. 2014-ல பாத்திருக்காங்க. ரெண்டு வயசைத் தாண்டின புள்ளைக, நேர்ல பேசுற ஆளுகிட்ட கத்துக்கிடுற மாதிரியே வீடியோ கால்ல பேசுற ஆளுகிட்டயும் புதுச் சொல்லைக் கத்துக்கிடுது. பதிஞ்சு வச்ச வீடியோன்னா கத்துக்கிடல. ஏன்? கால்ல வர்றவன் புள்ள சிரிச்சா சிரிக்கான், கேட்டா பதில் சொல்லுதான். பெட்டி மேல குத்தம் இல்ல. பதில் வருதா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

பதிலே வராட்டி என்ன ஆகும்னும் ஒரு ராசா பாத்திருக்கான். பாதுஷா அக்பர். மனுசன் பேச்சே காதுல விழாம வளந்தா புள்ள எந்த மொழி பேசும்னு அவருக்கு ஒரு சந்தேகம். தனியா ஒரு மாளிகை கட்டிப் பச்சப் புள்ளைகளை அதுல விட்டு, பேசாத தாதிகளைக் காவலுக்கு வச்சார். சில வருசம் கழிச்சுப் போயிப் பாத்தா, புள்ளைக ஊமையா நின்னுச்சுக. அதுக்குப் பேரே ஊமை மாளிகைன்னு ஆயிப் போச்சு. புள்ளையை வச்சு ஆராய்ச்சி பண்ணுற கிறுக்கு உனக்கு மட்டும் வந்ததுன்னு வருத்தப்படாத. பெரிய எடத்துலயே இருந்திருக்கு.

அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரோனிக்குன்னு ஒருத்தர் 1970-கள்ல இதையே ரெண்டு மூணு நிமிசத்துல செஞ்சு பாத்தார். தாய் புள்ளையைப் பாத்து நல்லாக் கொஞ்சிக்கிட்டிருக்கணும். திடீர்னு மூஞ்சியை மரமாட்டம் வச்சுக்கிடணும். புள்ள மொதல்ல சிரிச்சுப் பாக்கும். பெறகு சத்தம் போட்டுப் பாக்கும். கையை நீட்டும். ஒண்ணும் நடக்காட்டி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வாடிப் போகும். அவருக்கு அதைக் காட்ட ஒரு அறை, ரெண்டு கேமரா வேண்டியிருந்துச்சு. இப்ப வீட்டுக்கு வீடு தினமும் நடக்குது. புள்ளைக்கு மேல ஒரு சாண் தூரத்துல போனைப் புடிச்சுக்கிட்டு நீ உக்காந்திருக்கியே, அப்ப உம் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு ஒரு நாளாச்சும் கண்ணாடியில பாத்திருக்கியா?

அடுத்தது இங்கிலீஷு. அப்பனும் ஆத்தாளும் தங்களுக்குள்ள தமிழ்ல சண்டை போடுதீங்க. புள்ளைகிட்ட மட்டும் "ஸே ஹாய், ஸே பை"ன்னு தொரை பாஷை. ஏன்யா, வராத பாஷையில கொஞ்சுனா கொஞ்சலு எப்பிடிய்யா வரும்? 1984-ல ஜேனட் வெர்க்கர்னு ஒரு அம்மா கனடாவுல சோதிச்சாங்க. ஹிந்தியில நாக்கைப் பல்லுல தட்டிச் சொல்ற த ஒண்ணு, நாக்கை மடிச்சுச் சொல்ற ட ஒண்ணு. நம்ம பத்துக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். இங்கிலீஷ் பேசுற வீட்டுப் புள்ள ஆறு எட்டு மாசத்துல ரெண்டையும் பிரிச்சுக் கேட்டுருது. அதே வீட்டுப் புள்ள பத்துப் பன்னெண்டு மாசத்துல கோட்டை விட்டுருது. வீட்டுல யாரும் பேசலன்னா காது "இது தேவையில்ல போல"ன்னு தள்ளிருது. வெள்ளைக்காரன் புள்ள தொலைச்சதை உம் புள்ளையும் தொலைக்கணும்னு நீ காசு கட்டிக்கிட்டு நிக்க. உனக்கு எந்தப் பாஷையில தன்னால சிரிப்பு வருமோ அதுல பேசு. இங்கிலீஷு எங்கயும் போயிராது. பள்ளிக்கூடத்துல காத்துக்கிட்டு இருக்கு.

இதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயி வாய் ஓயாமப் பேச ஆரம்பிச்சிராத. அது அடுத்த கூத்து. எங்கயோ ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் சொல்லு புள்ள காதுல விழணும்னு படிச்சுட்டு, "அப்பா இப்பச் சட்டையை எடுக்கேன், அப்பா இப்பப் பொத்தானை மாட்டுதேன்"னு வர்ணனை ஓட்டுதாங்க சில பேரு. சட்டைப் பையில சின்ன ரெக்கார்டரை வச்சு, புள்ளைகிட்ட எத்தனை சொல்லு பேசுனாங்கன்னு எண்ணித் தர்ற கருவியும் இருக்காம். அப்பிடிப் பொழிஞ்சா அது எப்பய்யா வாயைத் தெறக்கும்? ஒரு தடவை கூப்பிடு. பெறகு சும்மா இரு. மூஞ்சியைப் பாரு. அதுக்குக் கொஞ்ச நேரம் புடிக்கும். வாயைக் கோணும், காலை ஒதைக்கும், பெறகுதான் "அக்கூ" வரும். அந்தக் கேப்புல நீ பூந்துட்டா அதோட முறை போச்சு. நம்ம புலவருங்க பிள்ளைத்தமிழ்னு பருவம் பருவமாப் பிரிச்சு வச்சிருக்காங்களே, அதைப் பாரு. செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா. இதெல்லாம் புள்ளையைக் கூப்பிடுறது. கூப்பிட்டுட்டு நிக்கிறது. உன் ஆப்புல இருக்கிற அட்டவணையில "நாலு மாசத்துல இது செய்யணும், அஞ்சு மாசத்துல அது செய்யணும்"னு புள்ளைக்குத்தான் வேலை போட்டிருக்கு. உனக்கு என்ன வேலைன்னு ஒரு வரி இல்லையே, கவனிச்சியா?

அதுக்காக இப்பிடித்தான் கொஞ்சணும்னு சட்டமும் இல்ல. பப்புவா நியூகினியில கலுலின்னு ஒரு சனம். பாம்பி ஷீஃப்லின்னு ஒரு அம்மா அங்க போயிக் கூடவே இருந்து எழுதியிருக்காங்க. அங்க தாய்மாரு மழலை பேசிக் கொஞ்ச மாட்டாங்க. புள்ளைக்கு இன்னும் அறிவு தெரியலைங்கிறது அவங்க எண்ணம். ஆனா புள்ளையை ஊரைப் பாக்க வெளிய திருப்பி மடியில வச்சுக்கிட்டு, யாராச்சும் பேச்சுக் கொடுத்தா புள்ளைக்குப் பதிலாத் தாய் கீச்சுக் குரல்ல பதில் சொல்லுவா. புள்ளையைச் சபையில உக்கார வச்சாச்சு! அந்தப் புள்ளைகளும் வளந்து நல்லாத்தான் பேசுது. அதனால "நீ கொஞ்சுற சுருதி சரியில்ல"ன்னு எவளாச்சும் ஆயிரம் ரூவாக்கு வகுப்பு எடுக்க வந்தா வாசல்லயே அனுப்பிரு. ஒம்பது பெத்தவளுக்கு ஒண்ணு பெத்தவ முக்கிக் காட்டுன கதைதான் அது.

உன்னை மட்டும் ஏசுனா ஞாயம் இல்ல. எங்க ஆளுகளுக்கும் ரெண்டு வைக்கணும். பேச்சு வரணும்னு நாக்குல தேனைத் தடவுறது, வசம்பைச் சுட்டு உரசுறது, கழுதையை வாசல்ல நிறுத்திப் பாலைப் பீச்சிச் சங்குல ஊத்துறது. கழுதைப் பால் குடிச்சா குரலு நல்லா வருமாம். கழுதை குரலைக் கேட்டுட்டுமா இதை நம்புனோம்? ஒரு வயசுக்குள்ள தேனு விசமாவே ஆயிரலாம். கைகால் சோர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கிற நோய் அதுல வரும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலையும் டாக்டர் கொடுக்கச் சொன்ன மருந்தையும் தவிர எதுவும் வாயில படக் கூடாது. உங்கம்மா கொண்டு வந்தாலும் நான் சொன்னேன்னு சொல்லித் தடு.

அதை விடப் பெரிய தப்பு ஒண்ணு உண்டு. "அவங்க தாத்தாவே மூணு வயசுலதான் வாயைத் தெறந்தாரு, தன்னால வரும்"னு சும்மா இருக்கிறது. இங்கதான் எம் பேத்தி என்னையே அதட்டுனா. காது கேக்காத புள்ளையும் ஆரம்பத்துல "அக்கூ" போடும், சிரிக்கும், கத்தும். பெத்தவங்க ஏமாந்துருவாங்க. ஆனா அந்த "பப்பப்பா" மட்டும் நேரத்துல வராது. ஆலரும் ரெபேக்கா ஐலர்ஸுங்கிற அம்மாவும் 1988-ல காட்டுனது இது. கேக்கிற புள்ளைக பத்து மாசத்துக்குள்ள சொல்லிருது. கேக்காத புள்ளைகளுக்குப் பதினோரு மாசமோ அதுக்கு மேலயோ ஆகுது. அதனால பத்து மாசம் முடிஞ்சும் "பப்பப்பா" இல்லன்னா சோசியக்காரன் வீட்டுக்கு நடக்காத, காதை டெஸ்ட் பண்ணு. பொறந்த ஒண்ணு ரெண்டு நாள்லயே பண்ணலாம். வலிக்காது. நம்ம ஊருல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே ஆறு வயசுக்குள்ள உள்ள புள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி வச்சு விடுதாங்க. எவ்வளவு முந்திப் போறியோ அவ்வளவுக்கு நல்லது.

இன்னொண்ணும் சொன்னா. 1991-ல கனடாவுல லாரா பெட்டிட்டோன்னு ஒரு அம்மா, காது கேக்காத பெத்தவங்களுக்குப் பொறந்த காது கேக்காத புள்ளைகளைப் பாத்தாங்க. வீட்டுல கைச்சைகையில பேச்சு. அந்தப் புள்ளைக கையாலயே "பப்பப்பா" போடுதுகளாம்! அர்த்தம் இல்லாத சைகையைத் திருப்பித் திருப்பி, ஒரு தாளத்துல. வாயா இருந்தா என்ன, வெரலா இருந்தா என்ன? எதிர்ல ஆளு இருந்தாப் புள்ள பேச வழி பாத்துக்கிடும்.

இப்ப எந்திரிச்சுப் போயி என்ன செய்யணும்னு கேக்கியா? உக்காந்து குளிப்பாட்டு. எண்ணெய் தேய்க்கையில அதோட மூஞ்சியைப் பாரு. அது "ஆ"ன்னா "அப்பிடியா, பெறகு?"ன்னு கேளு. பதில் வர்ற வரைக்கும் பொறு. வேலை கெடக்கா? கெடக்கட்டும், நாளெல்லாம் ஒக்காரச் சொல்லல. எல்லாச் சத்தத்துக்கும் ஓடவும் வேண்டாம். இருக்கிற நேரத்துல இருந்தாப் போதும். தாத்தா பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பொடிசு, யாரு மடி கெடைச்சாலும் குடு. ஆளுக்கு ஒரு பதில் வரட்டும். அட்டையை வித்துரு. பொம்மையில பேட்டரியைக் கழட்டு.

இதுக்கு எனக்கு ஃபீஸு வேண்டாம். ரெண்டு கவுளி வெத்தலை வாங்கிட்டு வா, போதும்.

ஒண்ணை மட்டும் மனசுல வையி. இப்ப அது பேசும், நீ ம் கொட்டணும். பதினாறு வருசம் கழிச்சு நீ தேடிப் போயிப் பேசுவ. அது போனைப் பாத்துக்கிட்டே ஒரு "ம்" போடும். அன்னைக்கு யோசனை கேட்டு இந்தத் திண்ணைக்கு வராத. நான் இருக்க மாட்டேன். தப்பித் தவறி இருந்தாலும், "எங்கய்யா பழகுச்சு இது?"ன்னு உன்னையத்தான் கேப்பேன்.